வெள்ளிக் கூட்டுக்குள் இருக்கும் இரண்டு வரி

மகன்,

கடைக்குச் சாமான் எழுதும் துண்டாக இருந்தாலும், தலையில் அரபியில் பிஸ்மி எழுதாமல் நான் ஒரு தாளையும் தொடங்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இந்தத் தாளின் தலை வெறுமையாக இருப்பதைப் பார்த்து யோசிப்பாய். வாயால் ஓதிக்கொண்டேன், எழுதவில்லை. காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன். முதல் வரியிலேயே சொல்லும் துணிவு எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை வந்திராது.

கொழும்பிலிருந்து நீ எழுதியது சனிக்கிழமை கிடைத்தது. விசா சரிவந்துவிட்டது, வெள்ளிக்கிழமை மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பயணம் சொல்ல வருகிறாய் என்பதை, சின்ன எழுத்து இப்போது கண்ணுக்குப் பிடிபடாத உம்மாவுக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தியை மட்டும் வாசிக்கவில்லை. போன முறை நீ தனியாகப் பிளேனில் போனபோது, உன் கண்முன்னே ஒரு குடும்பத்தை மூன்று வரிசைகளில் பிரித்து இருத்தினார்கள் என்றும், கைப்பிள்ளைக்காரி ஓர் அந்நிய ஆணுக்குப் பக்கத்தில் முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி விடியுமட்டும் இருந்தாள் என்றும் எழுதியிருந்தாய். எங்களுக்கும் அப்படி நேர்ந்தால் பக்கத்து ஆட்களிடம் இடம் மாறித் தரக் கேட்பது மரியாதையா, வாப்பா அந்தக் காலத்திலேயே பிளேனில் போனவர்தானே, ஒரு புத்தி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பாய். நானோ மூன்று நாளாக அந்தப் பந்தியையே எடுத்து எடுத்து வாசிக்கிறேன்.

ஓம், நான் பிளேனில் போனவன்தான். நீயும்தான் போனாய். அப்போது உனக்கு ஐந்து மாதம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடத்துக்குப் பின் கிடைத்த பிள்ளை நீ. ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மாரி காலம் அது. உன் உம்மாவின் வாப்பா வயிற்றில் கட்டியோடு கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பேரனைப் பார்க்காமல் கத்தி வைக்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார், உடனே வாருங்கள் என்று தந்தி வந்தது. மட்டக்களப்பு ரயில் பாதையை வெள்ளம் அறுத்திருந்தது. கல்லோயா அணைக்கட்டுத் திட்டக்காரர்கள் அம்பாறைக்கு அப்பால் போட்ட ஓடுபாதையிலிருந்து பிளேன் ஓடுகிறது என்றும், மூன்று இடம் எடுக்கலாம் என்றும் அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்த ஒருவர் சொன்னார். மூன்று இடம் என்றால், எனக்கு ஒன்று, மடியில் உன்னோடு உன் உம்மாவுக்கு ஒன்று, உன் உம்மம்மாவுக்கு ஒன்று. நம் பக்கத்தில் பெண் பிள்ளை கல்யாணமானாலும் தாய்வீட்டை விட்டுப் போகிறவள் இல்லை. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்குப் போகிறவன். தலைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முதல் தூரப் பயணம் போகிறவளை, புருசனை மட்டும் நம்பி அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்?

இன்னொன்றையும் உனக்கு விளக்க வேண்டும், ஏனென்றால் உன் மாமி உன்னோடு கலகலவென்று கதைக்கிறவள். என் காலத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. ஒன்பது வருடம் ஒரே வீட்டில் சோறு தின்றேன். உன் உம்மம்மா எனக்குச் சொல்ல வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று உன் உம்மாவிடம் சொல்வார், அல்லது என் காதுபடச் சுவருக்குச் சொல்வார். நானும் அப்படித்தான். அவருக்கு என்னைப் பிடிக்காது என்றில்லை. ஆனால் வாய் திறக்காத, எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற இந்த வாத்தியாரை மகளுக்கு எடுத்தது சரிதானா என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை உண்டு என்று நினைத்திருந்தேன்.

காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை வழியாக, வீரமுனை வயலெல்லாம் கடலாய்க் கிடக்க வாடகைக் காரில் போனோம். கார்க்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மாஸ்டர், ஆகாயக் கப்பல்ல போற மூஞ்சியா இது? மையத்து வீட்டுக்குப் போற மாதிரியல்லவா இரிக்கிறீங்க" என்றார். பின்னாலிருந்து உன் உம்மம்மா, "வாய மூடிக்கிட்டு ஓட்டச் சொல்லு மகள்" என்றார். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிளேனுக்குள் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று ஆசனங்கள். உன் உம்மாவுக்கும் எனக்கும் ஒன்றாக இடம் விழுந்திருந்தது. உன் உம்மம்மாவுக்கு எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால், ஜன்னலோரம். அவருக்குப் பக்கத்து இடத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெரிய உருவம், திட்டத்தில் வேலை செய்யும் துரை ஒருவர், மடியில் ஒரு பைல் கட்டோடு. உன் உம்மம்மா நடைபாதையில் நின்றுவிட்டார்.

"மகள், நான் அந்த ஆம்பிளைக்குப் பக்கத்தில இரிக்கமாட்டன் எண்டு உன்ட மாப்பிளைக்கிட்டச் சொல்லு."

"நிக்கேலாது உம்மா. இது பறக்கிற சாமான்."

"ஏன் ஏலாது? கல்முனை பஸ்ஸில காரைதீவு மட்டும் நிண்டுகிட்டே போறல்லியா? நான் நிண்டுகிட்டே வாறன்."

பணிப்பெண் ஓடிவந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆட்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எங்களுக்கு நேரே நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒரு வாலிபன் இருந்தான். அவனுக்குப் பக்கத்து ஜன்னலோர இடம் காலியாகக் கிடந்தது. "தம்பி, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறீரா?" என்று கேட்டிருந்தால் போதும். நான் அவனுக்குப் பக்கத்தில், நடைபாதையோரம் இருந்திருப்பேன். கையை நீட்டினால் நீ எட்டும் தூரம். பாடசாலையில் ஆங்கிலத்தில் வேண்டுகோள் வசனம் எப்படி அமைப்பது என்று பத்து வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். தமிழிலும் அது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரைப் பார்த்து எழும்புங்கள், தள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. யாரிடமும் எதுவும் கேட்காமல் காரியம் முடியும் வழி ஒன்று இருந்தது. என் இடத்தை மாமிக்குக் கொடுத்துவிட்டு, நான் போய்த் துரைக்குப் பக்கத்தில் இருந்துகொள்வது. எழும்பினேன். பார்த்தவர்களுக்கு அது பெரிய மனது போலத் தெரிந்திருக்கும். பணிப்பெண்கூட நன்றி சொன்னாள்.

உன் உம்மா என் சட்டையைப் பிடித்தாள். "மச்சான், எங்க போறீங்க?"

"முன்னுக்குத்தான். ரெண்டு வரிசை."

"கூப்பிட்டாக் கேக்குமா?"

"கேக்கும்" என்றேன்.

துரை எழும்பாமல் முழங்காலை மட்டும் ஒரு பக்கம் சாய்த்தார். நான் பக்கவாட்டில் நுழைந்து ஜன்னலோரம் விழுந்தேன். பட்டியைக் கொளுவினேன். இயந்திரம் உறுமத் தொடங்கியபோதே எனக்கு விளங்கிவிட்டது, அந்தச் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது என்று. மேலே ஏறி மலைகளுக்கு மேல் போனதும் துரை தூங்கிப்போனார். அவருடைய தோள் என் தோளுக்கு மேல் ஏறியது. கால்கள் முன் ஆசனம்வரை நீண்டு வழியை அடைத்தன. ஒரு பக்கம் தகரச் சுவர், மறுபக்கம் அந்த உடம்பு. சுருட்டு மணம். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மேகம் தவிர ஒன்றுமில்லை. என் கையை என் மடியிலிருந்து எடுப்பதற்குக்கூட அவரை உரச வேண்டியிருந்தது.

பணிப்பெண் வந்து குனிந்து எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிளேன் இறங்கத் தொடங்கும்போது கைப்பிள்ளைகளுக்குக் காது அடைக்கும், வலிக்கும். தூங்கினாலும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், உறிஞ்சி விழுங்கினால் காது திறக்கும். மறக்காமல் உங்கள் மனைவிக்குச் சொல்லுங்கள், எனக்கு உங்கள் பாஷை தெரியாது என்றாள். சொல்கிறேன் என்றேன்.

எப்படிச் சொல்வது, மகன்? துரையை எழுப்ப வேண்டும். எழுப்பி நடந்து போனாலும், நடைபாதையோரம் இருப்பது மாமி. பெண்சாதிக்குப் பிள்ளைக்குப் பால் கொடு என்று மாமியின் முகத்துக்கு நேரே சொல்லும் மருமகனை அந்த நாளில் நம் ஊரில் கண்டதில்லை. அதையும் இயந்திரச் சத்தத்துக்கு மேல், இருபது ஆண்களுக்குக் கேட்கக் கத்திச் சொல்ல வேண்டும். நீ இன்று சிரிப்பாய். நான் அன்று சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். எனக்கு எந்த நெருக்கடிக்கும் அதுதான் வழி. உன் உம்மா தமிழ் வாசிக்கத் தெரிந்தவள். ஒரு தாளைக் கிழித்து, வழக்கப்படி தலையில் அரபியில் பிஸ்மி எழுதினேன். அதன் கீழே தமிழில், "இறங்கத் தொடங்கியதும் பிள்ளையை எழுப்பிப் பால் கொடு. கொடுக்காவிட்டால் காது வலிக்கும்" என்று எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். நான்காய் மடித்துப் பணிப்பெண்ணிடம் கொடுத்து, பின்னால் இருக்கும் என் குடும்பத்துக்கு என்றேன். கடமை முடிந்தது என்று மூச்சு விட்டேன்.

பின்னால் என்ன நடந்தது என்பது கொழும்புப் பக்கம் இரத்மலானையில் இறங்கியபிறகுதான் எனக்குத் தெரிந்தது. உன் உம்மாவுக்குத் தலைசுற்றி வாந்தி. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். நீ உம்மம்மாவின் மடியில் நல்ல தூக்கம். துண்டு போய்ச் சேர்ந்தது அவர் கையில். அவர் தமிழ் எழுத்துப் படித்தவர் அல்லர். ஓதப் பள்ளியில் குர்ஆன் ஓதியவர். அரபு எழுத்தை மட்டும் நன்றாக வாசிப்பார். மடிப்பைப் பிரித்தார், தலையில் பிஸ்மியைக் கண்டார். படித்த மருமகன், பறக்கிற கப்பலில், ஆபத்து நேரத்தில், பிள்ளைக்குக் காவலாக ஓதி எழுதி அனுப்பிய இஸ்மு என்று எண்ணினார். கண்ணில் ஒற்றி, முன்போலவே மடித்து, உன் தொப்பிக்குள் நெற்றியோடு சேர்த்து வைத்தார். பிள்ளையை அசைக்காமல், எழுப்பாமல், இறுக அணைத்துக்கொண்டார்.

பிளேன் இறங்கத் தொடங்கியது. என் காதிலேயே ஊசி குத்தியது, எச்சிலை விழுங்கினேன். துண்டு போய்விட்டது, அவள் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போதுதான் நீ அலறினாய். அந்த இயந்திரச் சத்தத்தையும் கிழித்துக்கொண்டு வந்தது. பசி அழுகை எனக்குத் தெரியும், தூக்க அழுகை தெரியும். இது அதுவல்ல. பால் குடிக்கும் பிள்ளை இப்படி அலறாது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஏதோ பிழை நடந்துவிட்டது, நான் எழும்ப வேண்டும். துரையைப் பார்த்து ஆங்கிலத்தில் "மன்னிக்க வேண்டும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறையும் சொன்னேன். மூன்றாம் முறை அவர் ஒரு கண்ணைத் திறந்து, "வந்துவிட்டோமா?" என்று கேட்டார். "இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் எழும்பமாட்டேன் என்று சொல்லவில்லை, மகன். நான் எழும்பச் சொல்லவே இல்லை. அவர் கெட்ட மனுசரும் அல்லர். இறங்கும்போது என் பெட்டியைத் தூக்கித் தந்தவர் அவர்தான். தரை தொடும்வரை நீ அலறினாய். நான் முன் ஆசனத்தின் முதுகைப் பிடித்தபடி இருந்தேன். இடையில் ஒரு தரம், "மச்சான்" என்று உன் உம்மாவின் குரல் கேட்டது. கேக்கும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? கேட்டது. நான் திரும்பவில்லை.

படியில் இறங்கியதும் உன் உம்மம்மா உன் தொப்பியைக் கழற்றி, வேர்வையில் நனைந்த துண்டை எடுத்து உதட்டில் வைத்து முத்தினார். பிறகு, ஒன்பது வருடத்தில் முதல் முறையாக, முக்காட்டுக்குள்ளிருந்து நேரே என்னிடமே கதைத்தார். "நீங்க எழுதித் தந்த இஸ்முதான் மருமகன் நம்மளக் கரை சேத்த. இல்லாட்டி இந்தச் சாமான் விழுந்திருக்கும்."

உன் உம்மா, வாந்தியில் வெளிறிய முகத்தோடு, "என்ன இஸ்மு மச்சான்?" என்று கேட்டாள்.

நான் "ம்" என்றேன்.

இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஓரெழுத்துக்காகத்தான். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு கிழவியின் முகம் வாடியிருக்கும், அவ்வளவுதான். அந்த முகத்தில் முதல் முறையாக என்மேல் ஒரு மதிப்பைக் கண்டேன். அதை இழக்க மனம் வரவில்லை. ஒரு கிழமையில் உன் இடது காதிலிருந்து சீழ் வந்தது. வைத்தியர் விளக்குப் பிடித்துப் பார்த்து, சவ்வு கிழிந்திருக்கிறது, பிளேனில் அழுதானா என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அதனால்தானா, அதற்குப் பின் வந்த சளியினாலா, அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இந்தச் சந்தேகத்தில்தான் இருபத்தைந்து வருடம் ஒளிந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கிடந்த உன் மூத்தாப்பா சுகமாகி எங்களோடு ரயிலில் வந்தார். வந்த கையோடு உம்மம்மா அந்தத் துண்டை வெள்ளிக் கூட்டில் அடைத்து, வாயை மெழுகினால் மூடி, உன் இடுப்பில் கட்டிவிட்டார். காதில் சீழ் ஒழுக ஒழுக, உனக்கு உதவியிருக்கக் கூடிய இரண்டு வரியை ஏழு வயதுவரை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாய். ஒவ்வொரு முறை உன்னைக் குளிப்பாட்டும்போதும் அது என் விரலில் பட்டது.

உனக்கு ஆறு வயதில், பாடசாலை முற்றத்தில் உன்னைக் கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. மரியாதை தெரியாதவன் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் உன் காதைத் திருகினேன். இடது காதை. நீ அழவில்லை, "கேக்கல்ல வாப்பா" என்று மட்டும் சொன்னாய். பிறகு தொலைபேசிப் பகுதி உத்தியோகத்துக்குச் சோதனை பாஸாகி, வைத்தியப் பரிசோதனையில் இடது காது கேட்காது என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தாய். அன்று நீ வாசற்படியில் இருந்தாய், நான் பக்கத்தில் வந்து இருந்தேன். நீ கவனித்திருக்கமாட்டாய், நான் எப்போதும் உன் இடது பக்கத்தில்தான் இருப்பேன். சோறு தின்னும்போதும், காரிலும், பள்ளியில் தொழுகைக்குச் சப்பில் வரிசையாக நிற்கும்போதும். அந்தப் பக்கத்தில் இருந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றும் சொன்னேன், "அது என்னாலதான் மனே" என்று. நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சொன்னதாகவும் ஆயிற்று, கேட்காததாகவும் ஆயிற்று என்று வீட்டுக்குள் போய்விட்டேன்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உன் உம்மா அலுமாரியைத் திறந்து அந்தக் கூட்டை எடுத்துவிட்டாள். புளி போட்டுத் தேய்த்து, புதுக் கறுப்புக் கயிறு கோத்து வைத்திருக்கிறாள். "இவன் போற பிளேனுக்கும் இதுதான் காவல். வெள்ளிக்கிழமை பேரப்பிள்ளைக்கு என்ட கையாலயே கட்டுவன்" என்கிறாள். உன் பிள்ளையும் அதைக் கட்டிக்கொண்டு, எழுப்புவாரில்லாமல் தூங்கிக்கொண்டு இறங்கக் கூடாது. இதை நேரே சொல்ல மூன்று நாளாக முயன்றேன். தோற்றுவிட்டேன். மறுபடியும் ஒரு துண்டுதான் எழுதுகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் தலையில் அரபி எழுதவில்லை. இதையும் யாராவது முத்தி மடித்து வைத்துவிடக் கூடாது.

நீ கேட்டதற்கு இப்போது பதில். இடம் மாறித் தரக் கேட்பது மரியாதைதான். பிளேனில் ஏறும் முன்பே, இடம் தருகிறவரிடம், நாங்கள் மூவர், எங்களைப் பிரிக்காதீர்கள் என்று கேள். பிரித்துவிட்டால் உள்ளே போய்ப் பக்கத்து ஆளிடம் கேள். உன்னிடம் இருப்பதில் நல்ல இடத்தை அவருக்குக் கொடுக்க முன்வா. நடைபாதையோரத்தை விட்டுவிட்டு நடு இடத்துக்கு வா என்றால் யாருக்கும் கசக்கும். அவர் மறுத்தால் பணிப்பெண்ணிடம் கேள். அவளும் கைவிரித்தால், நீ நடைபாதையோரம் உள்ள இடத்தையாவது பிடித்துக்கொள். உனக்கும் உன் பிள்ளைக்கும் நடுவில் தூங்குகிற ஆள் ஒருவரும் இருக்கக் கூடாது. இருந்தால் எழுப்பு. எழுப்பப்பட்டவர் இரண்டு நிமிடம் முகத்தைச் சுளிப்பார், பிறகு மறந்துவிடுவார். எழுப்பாதவன் மறப்பதில்லை. இறங்கத் தொடங்கியதும் மனைவிக்கு வாயால் சொல், யார் பக்கத்தில் இருந்தாலும் சொல். உன் மாமி பக்கத்தில் இருந்தாலும் சொல்.

நான் கெட்டிக்காரன் இல்லை என்பது எனக்குத் தெரியும். இந்தப் புத்தியெல்லாம் எனக்கு உதவாமல் போனவை. வெள்ளிக்கிழமைக்கு முன் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும். அதற்காகவே இன்றைய தபாலில் சேர்க்கிறேன். சேர்த்தபின் எனக்குப் பின்வாங்க வழி இருக்காது. உம்மா கூட்டைக் கையில் எடுக்கும்போது, நீ ஒன்றும் சொல்லாதே. மெழுகை நானே உடைக்கிறேன். அந்த இரண்டு வரியையும் அவளுக்கும் உன் மனைவிக்கும் நானே வாசித்துக் காட்டுகிறேன். பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். வெறும் கூட்டைப் பிள்ளைக்குக் கட்டுவதா வேண்டாமா என்று அவளே தீர்மானிக்கட்டும்.

சோற்றுக்கு நீ வழக்கம்போல் சுவருக்கு முதுகு காட்டி இருப்பாய், நான் உன் இடது பக்கம் வருவேன் என்று நினைத்து எல்லோரும் இடம் பிடித்திருப்பார்கள். நான் இந்த முறை உன் வலது பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கே யாராவது ஏற்கனவே இருந்தால், கொஞ்சம் எழும்புங்கள், நாம் இடம் மாறி இருப்போம் என்று கேட்பேன்.

வாப்பா